பதில் ஏற்காத முகவரி

வனமாமலை சார் மேலாளராக வந்ததும் முதலில் கை வைத்தது மெயில் குழுவில்தான். ஒரகடம் ஆலையில் தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் பிரஸ் இயந்திரங்களுக்கு மென்பொருள் எழுதும் ஆறு பேரும் எட்டு வருடமாக அதில்தான் அடித்துக்கொண்டார்கள், அதில்தான் சமாதானமானார்கள். ஒருவர் மாற்றம் சொன்னால் எல்லோருக்கும் மெயில் வரும். ரிப்ளை தட்டினால் எல்லோருக்கும் போகும். இரண்டு நாள் யாரும் வாய் திறக்காவிட்டால் சம்மதம் என்று அர்த்தம்.

"இன்னும் மெயில்லயே பேசிக்கினு இருந்தா எப்படிப்பா?" என்று இணையத்தில் ஓடும் விவாதப் பலகை ஒன்றைக் கொண்டுவந்தார். எல்லா விவாதமும் இனி அதில்தான். இரண்டு நாள் கெடு மட்டும் மாறவில்லை. யாரும் எதிர்க்காமல் கெடு முடிந்தால் பலகையே ஒப்புதல் கொடுத்துவிடும், யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். என்ன வசதி!

திங்கட்கிழமை பலகையிலிருந்து, ஆறு பேரில் ஒருத்தியான ஷாலினுக்கு ஒரு மெயில் வந்தது. நாலாம் நம்பர் பிரஸ் சும்மா சும்மா நின்றுவிடுகிறதாம். அதனால், கை உள்ளே போனால் இயந்திரத்தை நிறுத்தும் சென்சார் இனி உடனே நிறுத்தாமல் ஒரு நொடி பொறுத்துப் பார்க்கட்டும் என்று ஒரு மாற்றம்.  அந்த பிரஸ்ஸில் வேலை பார்ப்பவன் அவள் அண்ணன் டெனிசன். ஒரு நொடியில் கையே போய்விடும், கூடவே கூடாது என்று விளக்கமாக எழுதி, எட்டு வருடப் பழக்கத்தில் ரிப்ளையைத் தட்டினாள். சொல்லியாகிவிட்டது என்ற நிம்மதியில் வேறு வேலையில் மூழ்கிவிட்டாள்.

வியாழக்கிழமை சாப்பிட்டுவிட்டு வந்த, அதே குழுவின் ஜோயல், பக்கத்து நாற்காலியில் சாய்ந்தான். "இன்னா ஷாலின், நாலாம் நம்பருக்கு நீ சண்ட போடுவேன்னு பாத்தேன். ஒண்ணுமே சொல்லல. காலைல மெஷின்ல லோடு பண்ணிட்டாங்க."

"மெயில் போட்டேனே!"

"யாருக்கும் வரலியே."

அனுப்பியதைத் திறந்து பார்த்தாள். அது போயிருந்தது, பலகை அறிவிப்பு அனுப்ப மட்டும் வைத்திருக்கும் முகவரிக்கு. அங்கே வரும் பதிலை எவரும் படிப்பதில்லை. பலகையில் அந்த மாற்றத்தின் கீழே பச்சை எழுத்தில் இருந்தது: எதிர்ப்பு எதுவும் இல்லை.

அண்ணனுக்குப் போன் அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. உற்பத்தி லைனில் நிற்பவர்களின் போன் லாக்கரில் அல்லவா இருக்கும்? பாழாய்ப்போன அவசரத்தில் அதுகூட அவளுக்கு மறந்துவிட்டது. சூப்பர்வைசர் கன்னியப்பனுக்கு அடித்தாள். இரண்டாம் முறை எடுத்தார். பின்னால் பிரஸ்கள் இடித்துக்கொண்டிருந்தன.

"ஷாலினா? நாலாம் நம்பர் இன்னிக்கு பட்டயக் கிளப்புதும்மா. காலைலேந்து ஒரு வாட்டிகூட நிக்கல."

"எங்கண்ணன் எங்க?"

"தோ, எதுருலதான் கீறான். உள்ள தகடு சிக்கிக்கிச்சாம், கைய வுட்டு எடுத்துக்கினு கீறான்."

"மெஷின நிறுத்துங்க! சிவப்பு பட்டன அமுக்குங்க சார்!"

"இன்னாது? சத்தத்துல ஒண்ணும் கேக்கலம்மா. மெசேஜா போட்டு வுடு, அப்பறமா பாக்கறேன்."