தீவில் மழை என்று சொன்னவள்

சிஹாரு மழை நாளாகப் பார்த்துத்தான் ரெபுன் தீவுக்குக் கப்பலேறினாள். வெயிலடித்தால் அப்பா தோகுஜி கையில் சிக்கமாட்டார். விடிகாலையில் வானத்தைப் பார்த்து அவர் கொடியேற்றினால்தான் ஊரே கடற்பாசி அறுக்கப் படகேறும். அறுத்ததை அன்றைக்கே கூழாங்கல் தரையில் பரப்பிக் காயவைத்தாக வேண்டும். கொடி ஏறாத நாளில்தான் அவர் வீட்டு மனிதர்.

துறையில் பக்கத்து வீட்டு மசுயே பிடித்துக்கொண்டாள்.

“வாடியம்மா, பட்டணத்து ராணி. வரும்போதெல்லாம் மழையைக் கையோட கூட்டிட்டு வந்துடுற. நாங்க பிழைக்க வேணாமா?”

“அதைக் கொடிக்காரர்கிட்ட கேளுங்க அத்தை.”

“எங்க கேக்கறது? உங்கம்மா போனதிலிருந்து அந்த மனுஷன் வாயே திறக்கறதில்ல. போய் ரெண்டு வார்த்தை பேசு.”

பேசத்தான் வந்திருந்தாள். நாற்பது நாளாகத் தொண்டையில் நிற்பதைச் சொல்லாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

அம்மாவின் படத்துக்கு முன்னால் ஊதுவத்தி ஏற்றிவிட்டு, அப்பா ஊற்றிக் கொடுத்த தேநீரைத் தொடாமல் உட்கார்ந்தாள்.

“அப்பா, அம்மா போன அன்னைக்குக் காலையில நீங்க போன்ல, பதினோரு நாள் கழிச்சு வெயில் வந்திருக்கு, கொடியேத்திட்டேன்னு சொன்னீங்க. நான் போனை வச்சதும் அம்மா, பட்டணத்து ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்தபடியே, தீவுல மழையான்னு கேட்டா. இல்லன்னு சொல்ல மனசு வரல. மழைதாம்மான்னுட்டேன்.”

தோகுஜி நிமிர்ந்து பார்த்தார்.

“மழைன்னா நீங்க வந்துடுவீங்கல்ல. தலைய வாரிவிடச் சொன்னா. யார் கதவைத் திறந்தாலும் திரும்பிப் பார்த்தா. கடைசியில, மழையாயிருந்தும் வரலையேன்னா. அவ்வளவுதாம்பா.”

சொன்னால் பாரம் இறங்கும் என்று நம்பியிருந்தாள், பாவி. இறங்கவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. திட்டட்டும், எழுந்துவந்து அறையட்டும் என்று காத்திருந்தாள். அவர் தன் தேநீர்க் கோப்பையை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

“உசுரு போனப்ப மணி என்ன?” என்றார்.

“ராத்திரி ஒம்பது.”

“மூணு மணிக்கெல்லாம் பாசி காய்ஞ்சிடுச்சு. கட்டி உள்ள வச்சிட்டோம். அஞ்சு மணிக் கப்பலப் பிடிச்சிருந்தா ஏழுக்கு உங்ககிட்ட இருந்திருப்பேன்.”

“அப்பா, விடுங்க.”

“வெயில் நாளாச்சே, உங்கம்மா என்னைத் தேடமாட்டான்னு நெனச்சேன். காலையில போய்க்கலாம்னு குளிச்சிட்டுத் தூங்கிட்டேம்மா.”