ரே வெளியே வந்த நாள்

மல்காரா ஊரில் மூடிக்கிடந்த பழைய மின்நிலையத்தில், அரசு உதவியோடு கொலீன் யூகலிப்டஸ் பலகைத் தொழிற்சாலை தொடங்கினாள். வெள்ளிக்கிழமைக்குள் பத்துப் பேருக்கு வேலை தராவிட்டால் உதவி நின்றுவிடும். ஒன்பது பேர்தான் சேர்ந்திருந்தார்கள்.

வேலைக்கு உள்ளே போகிறவர்கள் தங்கள் பெயர்த்தகட்டை வாசலில் மாட்டிவிட்டுப் போவார்கள்; அங்கே 'உள்ளே' என்ற வரிசையில் மின்நிலையத் தொழிலாளி ரேயின் தகடு பதினொரு வருடமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மின்நிலையம் தீப்பிடித்த அன்று உள்ளே போனவன் வெளியே வரவேயில்லை. தகட்டை உரியவர் எடுக்க வேண்டும், அல்லது அவரோடு சேர்ந்து வெளியே வருபவர் எடுக்கலாம் என்பது அங்கே வழக்கம். அதனால் யாரும் அதைத் தொடவில்லை. வேலை கேட்டு வந்தவர்கள் அதைப் பார்த்ததும் திரும்பிப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ரேயின் மனைவி நோரீன் வந்தாள்.

"பத்தாவது ஆளு கெடச்சாச்சா?"

"எங்க? உன் புருஷன் பேரப் பாத்தாலே ஓடுறாங்க."

"உயிரோட இருந்தப்பவும் அப்படித்தான். என்னைச் சேத்துக்கோ."

"உள்ள போக உனக்குப் பயமா இல்லயா, நோரீன்?"

"அந்த மனுஷன் இத்தன வருஷம் தனியா இருக்கானே, கொலீன்."

நோரீன் தன் தகட்டை அவனுடையதன் பக்கத்தில் மாட்டினாள். நாள் முழுக்க வேலை செய்தாள். சாயங்காலம் இரண்டு தகடுகளையும் எடுத்துக்கொண்டாள்.

"வா ரே, வீட்டுக்குப் போலாம்."

அவள் வெளியே போன பிறகும், கொலீன் கதவைச் சாத்தாமல் அவள் பின்னால் இன்னும் ஒருவர் கடந்துபோகிற அளவு நேரம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.