தூங்கிக்கு இரண்டாம் இடம்

மனிதகுலம் இதுவரை செய்ததிலேயே பெரிய முட்டாள்தனம், மனதில் இருப்பதை அப்படியே வாக்குச்சீட்டில் எழுதுவது. கேம் தியரி எனப்படும் ஆட்டக் கோட்பாட்டில் தொண்ணூற்றொரு மதிப்பெண் வாங்கியவன் சொல்கிறேன்.

எங்கள் கல்லூரித் துறைச் சங்கத் தேர்தலில் அதற்கு வழிசெய்தவள் என் அக்கா. இரண்டு வருடம் அலைந்து விதியை மாற்றினாள். இனி ஒருவருக்கு மட்டும் ஓட்டுப் போட வேண்டாம், மூவரையும் வரிசைப்படுத்தலாம். முதலிடத்துக்கு இரண்டு புள்ளி, அடுத்ததற்கு ஒன்று, கடைசிக்குப் பூஜ்யம்.

நின்றவர்கள் அக்கா, அவளுக்குச் சரிசமமான ஆதரவு உள்ள, 'லீடர்' என்று பட்டப்பெயர் வாங்கியவன், நண்பர்களோடு கட்டிய பந்தயத்துக்காக நின்ற 'தூங்கி'. மூன்றாம் மாடி ஆய்வகத்துக்கு லிஃப்ட் வாங்கித் தருவதாக அக்காவும் லீடரும் சொன்னார்கள். அக்காவின் தோழி தினமும் ஊன்றுகோலோடு அறுபத்திரண்டு படி ஏறுகிறாள். தூங்கி எதுவும் சொல்லவில்லை. தூங்கினான்.

நான் கட்டம் போட்டுக் கணக்குப் பார்த்து, அக்காவின் ஆட்களுக்குப் பெயரில்லாமல் செய்தி அனுப்பினேன்: 'லீடரைக் கடைசியில் தள்ளுங்கள். தூங்கிக்கு இரண்டாம் இடம். அவன் எப்படியும் ஜெயிக்க மாட்டான்.'

அது லீடர் ஆட்களுக்கும் போய்விட்டது. அவர்கள் லீடர் பெயரை எடுத்துவிட்டு அக்கா பெயரைப் போட்டுக்கொண்டார்கள். என் எழுத்துப்பிழையைக்கூடத் திருத்தவில்லை. எதிராளிக்கும் மூளை உண்டு என்பது ஆட்டக் கோட்பாட்டின் முதல் பாடம். அன்றைக்கு நான் வகுப்புக்குப் போகவில்லை.

நூறு ஓட்டு. அக்கா 98 புள்ளி, லீடர் 95, தூங்கி 107.

"ஐயையோ, இனிமே வேலை வேற செய்யணுமாடா?" என்றான் தூங்கி.

வீட்டில் அக்கா கத்தவில்லை. "லீடர் ஜெயிச்சிருந்தாக்கூடப் பரவாயில்லடா, லிஃப்ட்டாவது வந்திருக்கும். இப்ப எல்லாரும் பழைய முறையே தேவலைங்கறாங்க. அந்த மெசேஜ் எழுதினவன் மட்டும் கையில கிடைக்கட்டும்."

"கிடைச்சா?"

"தெரியல. நீ சாப்டியா?"

சாப்பிட்டுவிட்டேன் என்று பொய் சொன்னேன்.

மறுநாள் இரண்டாம் மாடித் திருப்பத்தில் அக்காவின் தோழி மூச்சு வாங்க நின்றிருந்தாள். "என்ன மேதை, உன் கணக்குப்படி இன்னும் எத்தன படி?"

"இருபது" என்றேன். அவள் சிரித்தாள். என்னால் முடியவில்லை.

தூங்கி பதவியேற்க வரவே இல்லை. மறுதேர்தல் வந்தது. அவனுக்குப் பதில் அவன் அறைத்தோழன், அதே பந்தயத்துக்கு.

"இந்தத் தடவ என்ன ஐடியா?" என்று வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவன் காதைக் கடித்தான்.

"ரகசியம்" என்றேன்.

லீடருக்குப் போகும் ஒரு புள்ளியில் அக்கா தோற்கலாம். தெரியும். தடுப்புக்குள் போய் அக்காவுக்கு முதலிடம் என்று எழுதினேன். லீடருக்கு இரண்டாமிடம், மனதில் இருந்தபடியே. யாரும் பார்த்துவிடாதபடி சீட்டை நான்காக மடித்தேன்.