குட்டையைச் சுற்றி ஐந்து வரிசை

முதல் கன்று செத்தபோது பாம்பு கடித்திருக்கும் என்றான் அவள் புருஷன். இன்னொரு கன்று கண் தெரியாமல் கொட்டகைச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டே நின்று, நின்ற இடத்திலேயே சரிந்து விழுந்தபோது அவன் பாம்புப் புற்றைத் தேடிக் கிளம்பினான். அவள்தான் மாட்டு டாக்டருக்குப் போன் செய்தாள்.

டாக்டர் கன்றின் இமையை விலக்கிப் பார்த்தார். வாயைத் திறந்து பார்த்தார். "எங்க தண்ணி குடிக்குதுங்க?" என்றார்.

அவள் கையை நீட்டினாள். சமையலறை ஜன்னலுக்கு நேரே, சரிவுக்குக் கீழே குட்டை. அதற்கு மேலே மேட்டில் பெயின்ட் தொழிற்சாலை. போன மழையில் அதன் கழிவுக் கால்வாய் உடைத்துக்கொண்டு இந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

"இனிமே ஒரு மாடும் அதுல வாய் வைக்கக் கூடாது."

"எத்தனை நாளைக்கு டாக்டர்?"

"நாளா? வருஷக்கணக்கும்மா. ஈயம் சேத்துலயே இறங்கியிருக்கும். நல்ல உறுதியா வேலி போடுங்க."

தொழிற்சாலை வாசலில் அவர்கள் ஒரு காலை முழுக்க நின்றார்கள். மேனேஜர் இல்லை என்றான் காவலாளி. மேனேஜரின் கார் அவன் முதுகுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தது.

புருஷன் தானே வேலி போட்டான். கைக்குக் கிடைத்த குச்சிகளை நட்டு, பழைய முள்கம்பியை இரண்டு வரிசை சுற்றினான். மறுநாளே ஒரு கிடாரி அதில் சாய்ந்து முதுகைச் சொறிந்துகொண்டது. வேலி அப்படியே படுத்துவிட்டது. கிடாரி உள்ளே போவதற்குள் அவள் ஓடிப்போய் விரட்டினாள்.

"என் தம்பியக் கூப்பிடறேன்" என்றாள்.

"கம்பியையா?"

அவள் தம்பியை எல்லோரும் கம்பி என்றுதான் கூப்பிடுவார்கள். வேலி கட்டுவது தொழில் என்பதால் பாதி. வேலை முடிவதற்குள் கம்பி நீட்டிவிடுவான் என்பதால் மீதி.

"மூலைக்கம்பம் நடறதுக்குள்ள ஆளக் காணோம்னு தேடுவோம், பாரு."

"தேடிக்கலாம். நீங்க போட்ட வேலி மாடு தும்மினாலே விழுது."

கம்பி தன் பைக்கில் கடப்பாரையைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினான். மாமா நட்டிருந்த குச்சியை இரண்டு விரலால் பிடுங்கினான். "மாமா, இது எதுக்கு? துணி காயப்போடவா?" என்றான். மாமா சிரிக்கவில்லை.

அவன் சிமென்ட் கம்பங்களை இறக்கச் சொன்னான். மூலைக் குழிகளை, தரையில் குப்புறப் படுத்துக் கையை விட்டால் தோள்வரை போகும் ஆழத்துக்குத் தோண்டவைத்தான். கம்பத்தை நிறுத்தி, கல்லும் மண்ணுமாகக் கொஞ்சம் கொஞ்சமாய்ப் போட்டு, ஒவ்வொரு தடவையும் கடப்பாரையால் குத்தி இறுக்கினார்கள். அவள் மண் அள்ளிப் போட்டாள், புருஷன் குத்தினான். இரண்டு பக்கமும் சாய்வாக முட்டு கொடுத்தார்கள். "வேலி நிக்கறதே மூலையிலதான் மாமா. நடுவுல இருக்கறதெல்லாம் சும்மா கூட நிக்கிற கூட்டம்."

முள்கம்பியைக் கம்பத்தின் குட்டைப் பக்கமாகக் கட்டினால் பார்க்க நன்றாக இருக்கும் என்றான் புருஷன்.

"மாடு எந்தப் பக்கம் சாயும்?"

"இந்தப் பக்கம்."

"அப்ப கம்பியும் இந்தப் பக்கம்தான். மாடு தள்ளற பாரம் கம்பத்து மேல விழணும். அந்தப் பக்கம் கட்டினா, தள்ளத் தள்ளக் கட்டு அறுந்துடும்."

ஐந்து வரிசை முள்கம்பி. இழுவைக் கருவியை மாட்டி, தட்டினால் கிண்ணென்று கேட்கும்வரை ஒவ்வொன்றையும் விறைப்பாக இழுத்தார்கள். புருஷன் தன் முழு எடையையும் போட்டுச் சாய்ந்து பார்த்தான். வேலி அசையவில்லை. அன்று அவன் மச்சானுக்குத் தன் கையாலேயே சோறு போட்டான்.

வேலியை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கோடை பிறந்திருந்தது. வீட்டுக் கிணற்றில் வாளி தரையைத் தட்டியது. ஊறும் தண்ணீரை இறைத்து இறைத்துத் தொட்டியில் ஊற்றினாள். மாடுகள் ஒரே உறிஞ்சில் காலி செய்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தன. பிறகு ஒவ்வொன்றாகச் சரிவில் இறங்கி வேலியோரம் போய் நின்றன. பகல் முழுக்க அங்கேயே நின்று தண்ணீரைப் பார்த்துக் கத்தின. அவள் சமையலறை ஜன்னலைச் சாத்திவிட்டுச் சமைத்தாள்.

கேட் மாட்டுவதற்காகக் கம்பி வந்திருந்த காலையில்தான் அது நடந்தது. அலறல் கேட்டு மூவரும் ஓடினார்கள். பெரியவ என்று அவர்கள் கூப்பிடும் பசு வேலியைத் தாண்டப் பார்த்திருக்கிறது. முன்னங்கால்கள் அந்தப் பக்கம், பின்னங்கால்கள் இந்தப் பக்கம். மேல் இரண்டு வரிசையும் மடியில் ஏறியிருந்தன. அது உதற உதற முள் இன்னும் உள்ளே இறங்கியது.

புருஷன் கம்பி வெட்டும் கட்டரை எடுத்துக்கொண்டு பாய்ந்தான். அவள் குறுக்கே போய் அதைப் பற்றிக்கொண்டாள்.

"விடுடி!"

"வெட்டினா மத்ததெல்லாம் உள்ள பாயும். பின்னால பாருங்க."

முழு மந்தையும் பின்னால் நெருக்கிக்கொண்டு நின்றது.

"அது சாகுதுடி!"

"தெரியும்."

"வெட்டாதீங்க மாமா," என்றான் கம்பி. "இந்த விறைப்புல வெட்டினா சுருண்டு வந்து அடிக்கும். மாட்டையும் கிழிக்கும், உங்க மூஞ்சியையும் கிழிக்கும். மூலையிலேர்ந்து தளர்த்தித்தான் ஆகணும். மொதல்ல அதுங்கள அடைங்க."

மாடுகள் நகர மறுத்தன. அதுவரை எதன் மேலும் கையோங்காதவள், கட்டையை எடுத்து முதுகில் அடித்தாள். அடித்து அடித்துத்தான் கொட்டகைக்குள் தள்ளித் தாழ் போட முடிந்தது. அத்தனை நேரமும் பெரியவளின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

கம்பி மூலையிலிருந்து ஒவ்வொரு வரிசையாகத் தளர்த்தியபோது பசு முன்பக்கமாக, குட்டைப் பக்கம் விழுந்தது. தட்டுத்தடுமாறி எழுந்தது. மடி கிழிந்து தொங்கியது. அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. நேராகச் சரிவில் இறங்கித் தண்ணீரில் வாயை வைத்தது.

புருஷன் அதைத் திருப்ப ஓடினான். அவள் அவன் சட்டையைப் பிடித்தாள்.

"விடுங்க. குடிக்கட்டும்."

அவன் அவளைப் பார்த்தான். "இப்ப மட்டும் குடிக்கட்டுமா?"

அவள் பிடியை விடவில்லை. பசு வயிறு நிறையக் குடித்துவிட்டு, கரைச் சேற்றிலேயே காலை மடக்கிப் படுத்தது. டாக்டர் வந்து பார்த்து, தைக்க முடியாது என்று சொல்லி ஊசி போட்டார். புருஷன் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அது அடங்கிய பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

கொட்டகைக்குள் மற்ற மாடுகள் கதவை முட்டின. பொழுது சாய்வதற்குள் வேலியை மறுபடி விறைப்பாக இழுத்துக் கட்டியாக வேண்டியிருந்தது. ஒரு முனையை அவள் பிடித்தாள், மறுமுனையை அவன். முள்ளில் மயிர் ஒட்டியிருந்தது.

மறுநாள் கம்பி தண்ணீர்த் தொட்டியைப் பெயர்த்து, குட்டையின் வாடை எட்டாத மேல்மூலைக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். அதன் பிறகு மாடுகள் வேலியோரம் நிற்பது மெல்லக் குறைந்தது. தண்ணீர் போதாமல் ஒரு சினைமாடு கரு கலைந்து இளைத்தது. மற்றவை பிழைத்தன.

புருஷன் அவளோடு மாட்டைப் பற்றி மட்டும் பேசினான். தீவனம், பால், தண்ணீர். சாப்பிடும்போது சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். கோடை முடியும் தறுவாயில் ஒரு நாள், அவன் தட்டில் குழம்பை ஊற்றிவிட்டு அவளே கேட்டாள்.

"நான் செஞ்சது தப்பா?"

அவன் பிசைவதை நிறுத்தினான்.

"தப்பா இருந்திருந்தா நாலு வார்த்த திட்டி அன்னிக்கே ஆறியிருப்பேன்," என்றான். "தப்பில்லையே. அதான் ஆறல."

எழுந்து கை கழுவினான். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் போனான். அவள் அவன் மிச்சம் வைத்த சோற்றை மூடி வைத்தாள்.