எதிர் ஃபிளாட்டின் சாவி

போகாதி ரோட்டில் லீலா குடியிருக்கும் அபார்ட்மெண்டில், அவள் வாசலுக்கு நேர் எதிர் ஃபிளாட்டை அவள் கொழுந்தன் சந்துரு வாங்கினான். வாங்கினால் வாங்கட்டும், குடியிருக்கவாவது வாங்கினானா? பெங்களூரில் சொந்த வீடு இருக்கும்போது இது சும்மா வாடகைக்கு விட. "இன்வெஸ்ட்மென்ட் அக்கா" என்று அவன் மனைவி மேகனா சிரித்தபோது லீலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கணவன் வேலாயுதம் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் உழைத்து உழைத்து வாங்கிய ஒரே வீடு இவளுக்கு. அந்த ஓரகத்திக்கு இது இரண்டாவது.

இதில் கொடுமை, சாவியை மேகனா இவளிடமே கொடுத்துவிட்டுப் போனாள். "யாராவது பார்க்க வந்தா திறந்து காட்டுங்க அக்கா."

லீலா திறந்து காட்டினாள், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் வீடு பார்க்க வருகிறவர்கள் ஓனர் பேச்சையா நம்புவார்கள்? எதிர் வீட்டில்தான் கேட்பார்கள், அதுவும் முதலில் தண்ணீரைத்தான். "காவேரித் தண்ணியா, போர் தண்ணியா ஆன்ட்டி?"

அந்தக் கட்டிடத்தில் வருஷம் முழுக்கக் காவேரி கொட்டும். லீலா குரலைத் தாழ்த்துவாள். "நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. இப்ப வரும். ஏப்ரல்ல வந்து பாருங்க. டேங்கர்தான். போர் தண்ணில சோப்பு நுரையே வராது."

மனிஷா என்று ஒரு பெண். புதுசாகக் கல்யாணமானவள், அந்த ஹாலைப் பார்த்து மயங்கி, அட்வான்ஸ் கொடுக்கவே தயாராக வந்திருந்தாள். இதைக் கேட்டதும் லீலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "தேங்க்ஸ் ஆன்ட்டி. யாரு இப்படி உண்மையைச் சொல்வாங்க?" அன்றைக்கு லீலாவுக்கு வெறும் ரசம் சாதமே அமிர்தமாக இறங்கியது.

எதிர் ஃபிளாட் பூட்டியே கிடந்தது. மேகனா அதற்காகக் கலங்கினாளா? அதுதான் இல்லை. ஸ்ரீரங்கப்பட்டணம் ரோட்டில் தனி வீடு ஒன்றும் வாங்கினாள்! கிரகப்பிரவேசத்துக்குப் போய்விட்டு வந்த லீலா அன்றே ஆரம்பித்துவிட்டாள். தாங்கள் இருக்கும் ஃபிளாட்டை விற்க வேண்டும், மேகனாவின் புது வீட்டுக்குப் பக்கத்து வீட்டை வாங்க வேண்டும்.

"விலை இறங்கப் போகுதுங்கறாங்க" என்றார் வேலாயுதம். "ரிங் ரோடு முழுக்க விக்காத வீடுதான். முதல்ல இது போகட்டும், அப்புறம் அதைப் பார்ப்போம்."

"அதுவரைக்கும் அந்த வீடு எனக்காகக் காத்துட்டு இருக்குமா?"

மகள் அஷ்வினியின் கல்யாணத்துக்குச் சேர்த்த நகைகளை அடகு வைத்து அந்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தார்கள். உகாதிக்குள் மீதியைக் கட்டாவிட்டால் அந்தப் பணம் திரும்பி வராது.

புரோக்கர் சித்தையன் ஆட்களைக் கூட்டிவந்தபடி இருந்தார். வந்தவர்கள் பார்த்தார்கள், கீழே போய் யாருக்கோ போன் பண்ணினார்கள், திரும்பவில்லை. உகாதி நெருங்கும்போது நஞ்சன்கூட்டுப் பெரியவர் ஒருவர் மகளுக்காகப் பார்க்க வந்தார். எல்லா அறையும் பிடித்துவிட்டது. "மகள் ஆபீஸ்லேர்ந்து வந்துட்டிருக்கா. அவ சரின்னா முடிச்சுடலாம்" என்றார். லீலா காபி கலந்துகொண்டே சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள்.

மகள் படியேறி வந்தாள். மனிஷா.

"ஐயோ, இந்த பில்டிங்கா அப்பா? ஆன்ட்டி, நீங்களா!" அவள் முகம் மலர்ந்தது. "தண்ணி விஷயத்துல என்னைக் காப்பாத்தினாங்கன்னு சொல்வேனே, இவங்கதான்!"

"ஹௌதா? அப்படியா?" என்றார் சித்தையன், லீலாவைத் திரும்பிப் பார்த்து.

லீலா சமையலறைக்கு ஓடிக் குழாயை முழுக்கத் திறந்தாள். "பாரும்மா, காவேரி! வருஷம் முழுக்க வரும்! சத்தியமா!"

மனிஷா பரிதாபமாக அவள் தோளைத் தொட்டாள். "ஏப்ரல்ல வந்து பாருங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? பாவம், விக்கணும்னா நீங்களும்தான் என்ன பண்ணுவீங்க. கவலைப்படாதீங்க, ஆபீஸ்ல வீடு தேடற எல்லார்கிட்டயும் விஷயத்தைச் சொன்னேன், உங்க பேரை மட்டும் சொல்லவே இல்ல."

அவர்கள் போய்விட்டார்கள். சித்தையனும் போய்விட்டார். சிங்க்கில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

உள்ளேயிருந்து அஷ்வினி வந்து குழாயை மூடினாள். "அம்மா, இங்க தண்ணி வராதுன்னு அவங்ககிட்ட ஏன் சொன்ன?"