சத்தம் உள்ள இடம்

ஆஸ்பத்திரியின் பத்து மணித் தேநீர் வண்டி இந்த அறைப் பக்கம் வரவில்லை. ரதிதேவி கதவைத் திறந்து நாற்காலியை முட்டுக்கொடுத்தாள். வெளியிலும் ஆளரவம் இல்லை.

“ஏதும் கேக்குதோ?”

கட்டிலில் கிடந்த அவள் புருஷன் ஏரம்பமூர்த்தி கண்ணைத் திறக்காமல் தலையை அசைத்தார். இல்லை.

அவர் கதை எழுதியதெல்லாம் வெளியில்தான். மவுண்ட் ரோஸ்கில் போகும் பஸ்ஸில், உடுப்புத் தோய்க்கிற லோண்டரியில், விமான நிலைய வாசலில். ஒருமுறை வீட்டில் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்து, மகனின் வாயையும் அடக்கிப் பார்த்தாள். ஒரு வரி நகரவில்லை.

“சனமில்லாத இடத்தில கதை எங்கயிருந்தப்பா வரும்?” என்று பேனாவோடு பஸ் ஏறிவிட்டார்.

நாலு கட்டில் வார்டிலும் எழுதினார். கை வழங்காமல் போனபின் அவர் சொல்ல, அவள் எழுதினாள். கதையில் யோகராணி என்றொருத்தி கைக்குழந்தையோடு மழையில் பஸ்ஸுக்கு நிற்கிறாள். பக்கத்துக் கட்டில் சமோவாக்காரர் இருமினால் யோகராணியின் குழந்தை இருமும். அந்த ஆளைப் பார்க்க வரும் பேத்திகள் சிரித்தால் பஸ் தரிப்பில் இரண்டு பெட்டைப் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

நேற்று மகன் நிமலன் நேர்ஸோடு கதைத்துத் தகப்பனுக்குத் தனியறை எடுத்துவிட்டான். அதோடு கதை நின்றது.

“திருப்பி அங்க விடச் சொல்லு, தம்பி,” என்றாள் ஜன்னலோரம் நின்ற மகனிடம்.

“அங்க வேற ஆள் வந்திட்டுதம்மா. கெஞ்சி வாங்கினனான். அப்பா அமைதியா இருக்கட்டுமே.”

“அமைதியா இருந்து?”

அவன் கோப்பி வாங்கக் கீழே போனான்.

நேர்ஸ் வந்தாள். நாற்காலியை எடுத்து, கதவை மெல்லச் சாத்தி, ரதிதேவியின் தோளைத் தொட்டாள். இவளுக்குச் சொல்ல நினைத்த இங்கிலீஷ் எதுவும் வரவில்லை. “தேங்க்யூ” மட்டும் வந்தது.

நேர்ஸ் போனதும் ரதிதேவி எழுந்து, கைகழுவும் குழாயை முழுதாகத் திறந்துவிட்டாள். தண்ணீர் தகரத் தொட்டியில் கொட்டியது.

அவர் உதடு அசைந்தது. “மழை விடேல்லை.”

“ஓம், விடேல்லை. சொல்லுங்கோ.” பேனாவை எடுத்தாள்.

“பஸ் வருது.”

எழுதினாள்.

“சரியான சனம்... கதவு திறக்குது...”

எழுதினாள். காத்திருந்தாள். தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

நிமலன் உள்ளே வந்தான். கோப்பியை வைத்தான். தகப்பனின் மூக்கருகே விரலைப் பிடித்தான். கனநேரம் பிடித்திருந்தான். பிறகு போய்க் குழாயை மூடினான்.

அவள் பேனாவை மூடவில்லை.

“இஞ்சேருங்கோ, யோகராணி ஏறிட்டாளோ?”