முப்பத்திரண்டு வயதில் உறுதிபூசுதல்

எங்கள் இராஜாக்கமங்கலம் துறைக்கு பிஷப் ஆண்டவர் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் வருவார். அவர் வந்தால்தான் பிள்ளைகளுக்கு உறுதிபூசுதல் என்கிற சடங்கு நடக்கும். 1932-இல் அவர் வந்தபோது, கருவாடு சுமக்கிற கையை இரண்டு தடவை கழுவிவிட்டு, கோவிலில் பிள்ளைகளின் வரிசையில் நானும் போய் நின்றேன். எனக்கு முப்பத்திரண்டு வயது.

பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் பாய்ந்து வந்தார். "ஏட்டி மிக்கேலம்மை, ஒனக்கு வயசு கழிஞ்சாச்சு. வெளிய போ."

"எட்டு வயசுல வந்தேன், சின்னப்பிள்ளைன்னு அனுப்பினிய. இருவது வயசுல வந்தேன், வயித்துல பிள்ளைன்னு அனுப்பினிய. ஆண்டவருக்கு எந்த வயசுதான் புடிக்கும்?"

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அவருக்கு முகம் கறுத்தது.

"இதுக்கு அர்த்தம் தெரியுமாட்டி ஒனக்கு? பிஷப் ஆண்டவர் நெத்தியில எண்ணெய் பூசி, கன்னத்துல ஒரு அடி குடுப்பாரு. வேதத்துக்காக அடி வாங்கவும் அஞ்சமாட்டேன்னு அர்த்தம்."

நான் உதட்டை விலக்கி, முன்பல் இரண்டு போன இடத்தைக் காட்டினேன்.

"ஞாயிற்றுக்கிழம பூசைய விட்டுட்டு கருவாடு சுமக்க வான்னாரு முதலாளி. மாட்டேன்னதுக்கு அறைஞ்சாரு. அடி வாங்கியாச்சு, உபதேசியாரே. இனி எண்ணெய் மட்டும்தான் பாக்கி."